இரைச்சலுக்கு அடியில் ஒரு நடை

பேரிங்கை மாற்றாமல் விட்டிருந்தால் அந்த நடை எங்கள் யார் காதிலும் விழுந்திருக்காது.

போன வாரம் பாக்கோ அண்ணன் சலவை மெஷினைப் பின்முற்றத்தில் சாய்த்துப் போட்டு, பழைய பேரிங் இரண்டையும் தட்டி எடுத்தான். துரு ஏறி, உள்ளே குண்டுகள் பொடிந்து கிடந்தன. புதிதாக இரண்டு போட்டான். ரப்பர் சீல் மாற்றினான். தொட்டியின் அதிர்வைத் தாங்கும் ஷாக் அப்சார்பர் ஜோடியையும் மாற்றினான். மாட்டி ஓட விட்டபோது, லாரி மேடேறுவது போல் இரைந்துகொண்டிருந்த மெஷின் பூனை மாதிரி அடங்கிவிட்டது. அவன் கையைத் துடைத்தபடி எங்களைப் பார்த்துச் சிரித்தான்.

அப்புறம்தான் அது கேட்டது.

தட். சர்ர். தட். சர்ர்.

நல்ல கால் ஊன்றுகிறது. கெட்ட கால் இழுபடுகிறது. ஆழ்துளைக் கிணறு போடும் லாரியிலிருந்து விழுந்து இடுப்பு முறிந்த பிறகு, அப்பா இந்த வீட்டில் அப்படித்தான் நடந்தார். சமையலறைக்கு வருவதும் அப்படித்தான், வாசலுக்குப் போவதும் அப்படித்தான்.

மெஷினின் உருளை ஒரு பக்கம் சுற்றி, நின்று, மறுபக்கம் சுற்றும் அல்லவா. அந்த நடையும் கொஞ்ச தூரம் போகும். நிற்கும். எதையோ மறந்துவிட்டது போல் திரும்பி வரும்.

பாக்கோவின் சிரிப்பு முகத்திலேயே காய்ந்துபோனது. அம்மா கறுப்புத் துணியைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அப்பா இறந்து ஒரு வருஷம் ஆகிறது. மெஷினில் துணியைப் போட்டுவிட்டு, சற்றுப் படுக்கிறேன் என்று போனவர் எழவில்லை. கன்யே ஊரிலிருந்து வந்த அப்பாவின் அக்கா காலெபோ அத்தைதான் உருளையிலிருந்த ஈரத் துணிகளை எடுத்து உலர்த்தி, அவருடைய மற்ற துணிகளோடு பின்னறையில் வைத்துப் பூட்டினாள். மெஷின் மேல் ஒரு போர்வையைப் போர்த்தினாள். "அவன் துணி கடைசியா கிடந்த இடம். துவைக்கிற நாள் வரைக்கும் யாரும் இதத் தொடக் கூடாது" என்றாள். அன்று மாலையே அம்மாவுக்குக் கறுப்பு உடுத்திவிட்டாள்.

அந்தத் துவைக்கிற நாள்தான் நாளைக்கு.

செத்தவர் துணியை அவருடன் பிறந்தவள் துவைக்க வேண்டும். துவைத்ததைச் சொந்தங்களுக்குப் பங்கு வைத்த பிறகு, அவளே கத்தரிக்கோலால் அம்மாவின் கறுப்பை வெட்டி எடுத்து எரிப்பாள். அத்தையின் விரல்களோ மூட்டு வலியில் வேர் மாதிரி முறுக்கிக் கிடக்கின்றன. ஒரு சட்டையைக்கூடப் பிழிய முடியாது. அதனால் அவளே போனில் சொல்லிவிட்டாள்: "மெஷினச் சரி பண்ணி வை பாக்கோ. நானே துணியப் போட்டு, நானே பொத்தான அமுக்குறேன். அதுவும் துவைச்ச கணக்குதான்."

பொத்தானை அமுக்கிவிட்டு அவள் பக்கத்தில்தான் நிற்பாள். அவள் தம்பி நடந்து வருவான்.

எதிர்வீட்டு விதவைக்கு நடந்தது எங்கள் தெரு முழுக்கத் தெரியும். கறுப்பு எடுக்கிற அன்று பின்கதவு தானாகத் திறந்ததாம். 'அவன் இன்னும் வீட்ட விட்டுப் போகல' என்று புருஷன் வீட்டார் இன்னொரு வருஷத்துக்குக் கறுப்பைக் கட்டிவிட்டுப் போனார்கள்.

கறுப்பில் இருக்கும் கை ஊரார் பிள்ளைகளுக்குச் சோறு போடக் கூடாது. பள்ளிச் சமையல் கூடத்தில் அம்மாவின் இடத்தைத் தலைமையாசிரியை இத்தனை நாள் காலியாக வைத்திருந்ததே பெரிய காரியம். திங்கட்கிழமை அம்மா கறுப்பில்லாமல் போய் நிற்க வேண்டும். இல்லையென்றால் வேறு ஆள்.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. அத்தை மாலை பஸ்ஸில் வருகிறாள்.

"இன்னிக்குள்ள இந்த நடைய நிறுத்தணும்," என்றான் பாக்கோ. லாரிப் பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு, காலையிலேயே பெட்டியைத் திறந்து உட்கார்ந்திருந்தான். "ஏதோ ஒண்ணு முட்டுது. எது முட்டுதுன்னு கண்டுபிடிச்சா முடிஞ்சுது."

"அப்பாவா இருந்தா?" என்று கேட்டேன்.

"அப்பாவா இருந்தா அவர்கிட்டயே சொல்றேன், நாளைக்கு ஒரு நாள் மட்டும் உக்காருங்கன்னு. நீ அந்த டார்ச்சப் பிடி."

முதலில் மெஷினின் கால்களைப் பார்த்தான். நான்கும் தரையில் சமமாக ஊன்றியிருந்தன. மூலையைப் பிடித்து ஆட்டினான். ஆடவில்லை. துணி ஒரு பக்கமாகச் சேர்ந்தால் முட்டும் என்று சொல்லி, உருளையை வெறுமனே ஓட விட்டான்.

தட். சர்ர்.

ஒயரைப் பிடுங்கிவிட்டு, கையால் உருளையைச் சுற்றினான். வழுவழுவென்று சுற்றியது. விளிம்பைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பார்த்தான். "பேரிங் கச்சிதமா உக்காந்திருக்கு. என் வேலையில குத்தம் சொல்ல முடியாது" என்றான், யாரோ குற்றம் சொன்னது போல.

தொட்டியை அமுக்கி விட்டான். ஒருமுறை எழும்பி நின்றுவிட்டது. ஷாக்கும் சரி. மேல் மூடியைக் கழற்றி, தொட்டியோடு இணைந்த சிமென்ட் கட்டையின் போல்ட்டுகளை முறுக்கிப் பார்த்தான். எதுவும் தளரவில்லை.

மறுபடி ஓட்டினோம். தட். சர்ர். நின்றது. திரும்பி வந்தது.

பாக்கோ சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். குளிர்காலம்தான், ஆனால் அவன் கழுத்தெல்லாம் வேர்த்திருந்தது.

"லாரி எஞ்சினே என் பேச்சக் கேக்குது. இந்தத் தகர டப்பா கேக்க மாட்டேங்குது பாரு."

எனக்குக் கேட்கத் தெரியும். பள்ளியை விட்டு வீட்டோடு நின்றபிறகு பேச ஆள் குறைந்து, காதுக்கு வேலை கூடிவிட்டது. உருளையின் ஓரத்தில் சாக்குக் கட்டியால் ஒரு கோடு போட்டேன். கோடு மேலே வரும்போது தட் கேட்டால், முட்டுவது உருளையோடு சேர்ந்து சுற்றுகிறது என்று அர்த்தம்.

"ஓட்டு" என்றேன்.

முதல் சுற்றில் கோடு மேலே வந்தபோது தட். அடுத்த சுற்றில் கோடு தாண்டிய பிறகு தட். அதற்கடுத்த சுற்றில் இன்னும் தள்ளி. நடை கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்கிக்கொண்டே வந்தது. கூட நடப்பவரை எட்டிப் பிடிக்க முடியாதவர் மாதிரி.

"உருளை இல்லண்ணே" என்றேன். "அதவிட மெதுவா சுத்துற ஏதோ ஒண்ணு."

பாக்கோ என்னைப் பார்த்தான். பிறகு எழுந்து மெஷினைச் சுவரிலிருந்து இழுத்து, பின்தகட்டைக் கழற்றினான்.

பெரிய சக்கரத்தையும் மோட்டாரின் சின்னச் சக்கரத்தையும் சேர்த்துக் கறுப்பு பெல்ட் ஓடியது. விரலால் தள்ளித் தள்ளி அதை முழுச் சுற்றும் கொண்டுவந்தான். ஓர் இடத்தில் கை நின்றது.

அங்கே பெல்ட் வளைந்து இறுகியிருந்தது. சின்னச் சக்கரத்தைச் சுற்றி ஒரு வருஷம் அசையாமல் கிடந்த இடம். ரப்பர் அந்த வளைவை அப்படியே பிடித்துக்கொண்டுவிட்டது. இப்போது எங்கே போனாலும் அந்த வளைவோடுதான் போகிறது. சின்னச் சக்கரத்தில் ஏறும்போது தட். இரண்டு சக்கரத்துக்கும் நடுவே நேராக ஓடும்போது நிமிர மாட்டாமல் விளிம்பில் உரசி, சர்ர்.

"இதப் பத்தி நான் யோசிக்கவே இல்ல" என்றான் பாக்கோ மெதுவாக. "புது பெல்ட்டாச்சே. அப்பா செத்த வாரம்தான் மாத்தினாரு. அவர் மாட்டினத எதுக்குக் கழட்டணும்னுதான் அதையே திருப்பிப் போட்டேன்."

பேரிங் சத்தத்தில் இது அமுங்கிக் கிடந்திருக்கிறது. பெரிய இரைச்சலை எடுத்ததும் அடியிலிருந்தது மேலே வந்துவிட்டது.

எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்த வளைவைத் தொட்டுப் பார்த்தேன். அப்பா படுத்துக் கிடந்த நேரத்தில் மெஷின் எப்படி நின்றதோ, அந்த நிலை என் விரலுக்கடியில் இருந்தது.

"வேற பெல்ட் வாங்கிட்டு வந்துடறேன்" என்று பாக்கோ சட்டையை மாற்றினான். "கபரோனேவுல பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில இருக்கும். அத்த வர்றதுக்குள்ள மாட்டிடலாம்."

"மாத்தித்தான் ஆகணுமா?"

அம்மா சமையலறைக் கதவருகே நின்றிருந்தாள். எப்போது வந்தாளென்று தெரியவில்லை.

"மாத்தாம? அத்த காதுல விழுந்தா என்ன ஆகும்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"திங்கக்கிழம வேல?"

"அதுவும் தெரியும். போய் வாங்கிட்டு வா. நான் வேண்டாம்னா சொன்னேன்."

பாக்கோ போனதும் நான் பின்தகட்டைப் பொருத்திவிட்டு, சோளமாவு சலிக்க உள்ளே போனேன். சற்று நேரத்தில் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். உருளையில் துணி இல்லை, தண்ணீர் இல்லை. அம்மா பக்கத்தில் மண்டியிட்டு, மூடியின் மேல் கையை வைத்து உட்கார்ந்திருந்தாள். நடை போய் நின்றபோது அவளும் மூச்சை நிறுத்தினாள். திரும்பி வந்தபோது விட்டாள்.

இந்த வாரம் முழுக்க நான் கடைக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் மெஷின் சூடாக இருந்தது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது.

"அம்மா."

அவள் திரும்பவில்லை. "நாலேடி" என்று என் பெயரைச் சொன்னாள். "அவர் இருந்தப்ப இந்தச் சத்தம் எனக்கு எரிச்சலா இருக்கும். கால வச்சு இழுக்காதீங்க, தர கீறுதுன்னு சொல்லிட்டே இருப்பேன்."

நான் உள்ளே போய், சலித்த மாவை மறுபடி சலித்தேன்.

பாக்கோ மத்தியானம் தாண்டித் திரும்பினான். புது பெல்ட் அட்டை உறையில் இருந்தது. அவன் மெஷினை இழுக்கக் குனிந்தபோது வாசலில் ஒரு வண்டி நின்றது.

"பஸ்ஸுக்குக் காத்திருந்தா கால் மரத்துப் போகும்னு மாடு ஏத்துற ஒருத்தன் பிக்கப்புல ஏறிட்டேன்" என்று குரல் கேட்டது. "மாடு ஏறின இடத்துல என்னையும் ஏத்திட்டான். வாடை அடிக்குதா பாரு நாலேடி."

காலெபோ அத்தை. உயரமாக, நேராக, கம்பளிச் சால்வையைத் தோளில் ஊசி குத்தி நின்றாள். எங்களைப் பார்க்கும்போதே எதையோ எடை போடுகிற பார்வை. அப்பாவை விட மூத்தவள். சிகிச்சைக்காக அப்பா பூர்வீக மாடுகளை விற்ற நாளிலிருந்து அவரோடு பேச்சை நிறுத்தியவள். நான்கு வருஷம் இந்த வாசற்படி ஏறவில்லை. சாவுக்குத்தான் ஏறினாள்.

"வாங்க அண்ணி" என்றாள் அம்மா. கறுப்பில் இருப்பவளிடம் கை கொடுப்பதில்லை என்பதால் இருவரும் தள்ளியே நின்றார்கள்.

"இளைச்சுட்ட மாபாக்கோ." பாக்கோவின் அம்மா என்பதால் ஊரில் அம்மாவுக்கு அதுதான் பெயர். "சாப்பிடுறியா, இல்ல பிள்ளைகளுக்கே போட்டுட்டு நிக்கிறியா?"

"சாப்பிடுறேன்."

"இவ இன்னும் பேச ஆரம்பிக்கலையா?" என்று என் தாடையைப் பிடித்தாள். "வாய அடகு வச்சிட்டியாடி?"

"வட்டி ஏறிடுச்சு அத்தே, மீட்க முடியல" என்றான் பாக்கோ. நிற்கிற இடத்தை மாற்றி மெஷினை மறைக்கப் பார்த்தான். "நீங்க உள்ள போய் டீ குடிங்க. கொஞ்ச நேரத்துல வர்றேன்."

"டீ ஓடிடாது. மெஷின முதல்ல பாக்குறேன். நாளைக்கு எல்லார் முன்னாடியும் நான் பொத்தானத் தேடிட்டு நிக்க முடியாது." அவனைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள். "எது? இதுவா?"

"அத்தே, இன்னும் ஒரு சின்ன வேல..."

முறுக்கிய விரலால் அமுக்கிவிட்டாள்.

உருளை மெல்ல அசைந்தது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

தட். சர்ர். தட். சர்ர்.

பாக்கோ கண்ணை மூடிக்கொண்டான். அம்மா கண்ணை மூடவில்லை. அத்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நடை போனது. நின்றது. திரும்பி வந்தது.

அத்தை தலையைச் சாய்த்துக் கேட்டாள். பிறகு உதட்டைப் பிதுக்கினாள்.

"என்னடா இது, ஓட்ட வண்டி மாதிரி கடகடங்குது. பெல்ட் போயிருக்கு. என் மக வீட்டு மெஷினும் இப்படித்தான் கத்திச்சு. மாத்துடா."

அவ்வளவுதான்.

எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. இடுப்பு முறிந்த பிறகு அப்பா நடந்ததை இவள் பார்த்ததே இல்லை. இவளுக்குத் தெரிந்த தம்பி வேலி தாண்டிக் குதிப்பவர். நாங்கள் ஒரு வாரமாக எதைக் கேட்டு நடுங்கினோமோ, அது அவளுக்கு வெறும் ரப்பர்.

"ஆமா அத்தே, பெல்ட்தான்" என்று பாக்கோ ஏறக்குறையச் சிரித்துவிட்டான். "வாங்கியே வச்சிட்டேன் பாருங்க. இதோ இப்பவே." அட்டை உறையைக் கிழித்தான்.

எல்லாம் முடிந்தது. நாளை கறுப்பு எரியும். திங்கட்கிழமை அம்மா பெரிய பானையின் முன் நிற்பாள். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். எங்கள் வீட்டில் அது எனக்கு வரும். அம்மாவுக்கும் வரும் என்றுதான் நினைத்திருந்தேன்.

"அது ஓட்ட வண்டி இல்ல அண்ணி."

"அம்மா" என்றான் பாக்கோ.

"அது உங்க தம்பி நடை."

பாக்கோ கையிலிருந்த பெல்ட்டோடு அப்படியே நின்றுவிட்டான். மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன சொல்ற?" என்றாள் அத்தை.

"பெல்ட்தான். இல்லங்கல. உங்க தம்பி மாட்டின பெல்ட், ஒரு வருஷம் ஒரே இடத்துல கிடந்து வளைஞ்சிருக்கு. ஆனா அவர் இப்படித்தான் நடந்தாரு. இதே மாதிரி. நீங்க கூடப் பிறந்தவங்க, இதக் கேட்டுட்டுக் கடகடன்னு சொல்றீங்க." அம்மாவின் குரல் ஏறவில்லை. அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது. "நாலு வருஷம் இந்தச் சத்தம் இந்த வீட்டுல இருந்துச்சு. உங்களுக்கு அது எதுன்னே தெரியல."

அத்தை மெஷினைப் பார்த்தாள். பாக்கோ நிறுத்தக் கையை நீட்டினான்.

"விடு. ஓடட்டும்."

கவிழ்த்து வைத்திருந்த வாளியின் மேல் உட்கார்ந்தாள். இப்போது வேறு மாதிரி கேட்டாள். தட் வரும்போது அவள் விரல் சால்வையில் அசைந்தது. நடை நின்று திரும்பும் இடத்தில் தலையை நிமிர்த்தினாள். கேட்கக் கேட்க அவள் முகத்தில் ஏதோ மெல்லக் கீழே இறங்கியது.

"போன குளிர்காலத்துல" என்றாள், "சாகுறதுக்கு முன்னாடி, அவன் கன்யேக்கு வந்தானா?"

அம்மா தலையசைத்தாள். "வந்தாரு. உங்களப் பாக்கணும்னு சொல்லிட்டு வந்தாரு. மறுநாளே திரும்பிட்டாரு."

"என்ன சொன்னான்?"

"அக்கா வீட்டுல யாரும் இல்ல, வேலிக் கதவு தாழ் போட்டிருந்துச்சுன்னாரு."

மெஷினில் நடை நின்றது. திரும்பியது.

"நான் இருந்தேன்" என்றாள் அத்தை. "வேலிக்கு வெளிய இந்தச் சத்தம் கேட்டுச்சு, அவனா இருக்கும்னு தோணியும் நான் திறக்கல."

மீதியை அவள் சொல்லத் தேவையில்லை. இருட்டுகிற நேரம், ஆளில்லாத தெரு, வேலிக்கு வெளியே காலை இழுத்து இழுத்து யாரோ போய் வருகிற சத்தம். கதவைத் திறக்காமல் உள்ளே நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்த ஒருத்தியை நான் மனதுக்குள் பார்த்தேன்.

அத்தை மடியிலிருந்த பையைத் திறந்தாள். வெள்ளைத் துணியில் சுற்றிய கத்தரிக்கோலை எடுத்து மெஷினின் மூடி மேல் வைத்தாள். மெஷின் அதிர, அதுவும் அதிர்ந்தது.

"செத்தவனோட மனஸ்தாபம் இல்லாத கைதான் இதத் தொடணும். பேசாம இருந்தாலும் மனசுல ஒண்ணுமில்லன்னு நினைச்சுத்தான் கொண்டு வந்தேன்." அம்மாவைப் பார்க்காமல் சொன்னாள். "வேற யாரையாவது பாருங்க."

"வேற யாரு அத்தே?" பாக்கோவின் குரல் உடைந்தது. "அப்பாவுக்கு நீங்க ஒருத்திதான. நீங்க வெட்டலன்னா அம்மா இன்னொரு வருஷம் இதுலயே கிடக்கணும். திங்கக்கிழம..."

"நீ சும்மா இரு பாக்கோ" என்றாள் அம்மா.

அவள் இரண்டு அடி முன்னால் வந்தாள். கறுப்பு உடுத்திய நாளிலிருந்து அவ்வளவு பக்கத்தில் அவள் யாரிடமும் போய் நான் பார்த்ததில்லை.

"அண்ணி. அவர் ஊருலருந்து வந்து என்ன சொன்னாருன்னு முழுசாச் சொல்றேன். அக்கா வீட்டுல இல்ல, மழை விழுந்ததும் மறுபடி போய்ப் பாக்குறேன்னாரு. கோவமா சொல்லல. மனஸ்தாபம் அவர் மனசுல இல்ல. உங்க மனசுல இருக்கிறத நீங்கதான் பாக்கணும்."

அத்தை தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கறுப்பு கட்டினது நீங்க. எடுத்தா நீங்கதான் எடுக்கணும். வேற ஒரு கைய நான் தொட விட மாட்டேன். உங்களால முடியாதுன்னா, நாளைக்கு எல்லார் முன்னாடியும் நான் இப்படியே உக்காந்திருக்கேன். அந்த வேல போனாப் போகட்டும்."

பாக்கோ பெல்ட்டைக் கையில் சுருட்டிக்கொண்டான். அம்மா திங்கட்கிழமைக்காக எடுத்து வைத்திருக்கும் நீல உடையை அவன்தான் நேற்று இஸ்திரி போட்டான்.

மெஷின் தன் வேலை முடிந்து நின்றது. அடுப்பில் விறகு வெடிக்கும் சத்தம் வரைக்கும் எல்லாம் கேட்டது. பேரிங் இரைச்சலும் இல்லை, நடையும் இல்லை.

அத்தை கத்தரிக்கோலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பாக்கோவின் கையிலிருந்த புது பெல்ட்டைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நாலேடி. பெல்ட்ட மாத்துறதுக்கு முன்னாடி, அத இன்னொரு தடவ ஓட விடு."

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா அத்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அமுக்கினேன்.